எதுல வைக்க, அண்ணாச்சி?

ஃபேன் சுற்றுகிறதா, சும்மா தலையை ஆட்டிக்கொண்டு தொங்குகிறதா என்று அமலோற்பவத்தால் தீர்மானிக்க முடியவில்லை. சுங்க அலுவலகத்தின் இரண்டாவது மாடி, தீர்வை மதிப்பிடுகிற அப்ரைசர் அறைக்கு வெளியே போட்ட மர பெஞ்சு, மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. மூன்று இறக்கைகளையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிடலாம், அப்படியொரு வேகம். ஊருக்கெல்லாம் கரண்டு காய்ச்சி அனுப்புகிற தூத்துக்குடியில் ஒரு ஃபேனுக்கு வோல்டேஜ் இல்லை என்று வெளியூரில் போய்ச் சொன்னால் சிரிப்பான். திடீரென்று வேகம் கூடியது, கழுத்தில் தொங்கிய ஜி கார்டு, சுங்கப் பரீட்சை தேறியவர்களுக்குக் கொடுக்கிற அட்டை, காற்றில் புரண்டு அவள் படம் தெரிந்தது, மறுபடி வேகம் குறைந்தது, படம் கவிழ்ந்துகொண்டது. கைப்பைக்குள் ஒரு கடிதம் இருந்தது. முதலாளி அண்ணாச்சி டைப் அடித்துக் கொடுத்தது. அதில் கையெழுத்துப் போட்டால் இந்தக் கார்டு போகும். போடாவிட்டால் அண்ணாச்சியின் கிளியரிங் ஆபீசில் பதினாலு வருஷமாக உட்கார்ந்த நாற்காலி போகும். ரெண்டில் எது என்று யோசிக்கத்தான் சீக்கிரமே வந்து உட்கார்ந்தாள். யோசனை அந்தப் பக்கமே போகாமல் ஃபேனோடு சுற்றிக்கொண்டிருந்தது. போடட்டுமா. வேண்டாமா. பெஞ்சில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது, சேலையைப் பிடிக்கும், தள்ளி உட்கார வேண்டும். தள்ளி உட்கார்ந்தாள். போட்டால்தான் என்ன?

விஷயம் ஆறு இரும்புப் பெட்டிகள். ஒவ்வொன்றும் ஆள் உயரம், சாம்பல் நிறம், கோவில்பட்டிப் பக்கத்து நூற்பாலை ஒன்றுக்காகக் கப்பலில் வந்திறங்கியவை. மில்லுக்குள் வரும் கரண்டு ஏறினாலும் இறங்கினாலும் இயந்திரங்களுக்குப் போகும் கரண்டு ஒரே சீராக இருக்கும்படி பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. வீட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் டக், டக் என்று அடித்துக்கொள்கிற ஸ்டெபிலைசரின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் அதோடு தீர்ந்தது பேச்சு. சுங்கத்தில் தீராது. உலகத்துச் சாமான் ஒவ்வொன்றுக்கும் தீர்வைப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் உண்டு, ஓர் எண் உண்டு. முந்திரிக்கொட்டையை எட்டில் வை, பாமாயிலைப் பதினைந்தில் வை, மரக்கட்டையை நாற்பத்துநாலில் வை. வந்திருப்பது என்ன என்று இந்தத் தொழிலில் யாரும் கேட்கமாட்டார்கள், எதில் வைக்க என்றுதான் கேட்பார்கள். சரி, இந்தப் பெட்டியை எதில் வைக்க? கரண்டை ஒரு விதத்திலிருந்து இன்னொரு விதமாக மாற்றினால் அது கன்வெர்ட்டர், எண்பத்தைந்தாம் அத்தியாயம். கரண்டைத் தானே அளந்து தானே ஒரு நிலையில் நிறுத்தினால் அது ரெகுலேட்டர், தொண்ணூறாம் அத்தியாயம், மூக்குக்கண்ணாடிக்கும் தெர்மாமீட்டருக்கும் பக்கத்து வீடு, தீர்வையும் குறைவு. இந்தப் பெட்டியோ வருகிற கரண்டை உள்ளே வைத்து ஒருமுறை மாற்றி, திரும்ப மாற்றி, அளந்து, அப்புறம் நிறுத்துகிறது. சரியான ரெண்டுங்கெட்டான். கேட்டலாக்கில் போட்டிருக்கும் பெயர் பவர் கண்டிஷனர், அது எந்த அத்தியாயத்திலும் கிடையாது, பெயர் வைத்தவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும். அமலி அதைத் தொண்ணூறில் வைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பத்து நாள் கழித்து அப்ரைசர் பிடித்துக்கொண்டார். இது கன்வெர்ட்டர், தெரிந்தே ரெகுலேட்டர் என்று போட்டுத் தீர்வையைக் குறைக்கப் பார்த்திருக்கிறீர்கள், யார் வைத்தது?

யார் வைத்தது. அதுதானே அமலிக்கும் தெரியவில்லை. மூன்று வாரமாக அந்த ஒரு மத்தியானத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறாள், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறது. கரண்டு போய் வந்த நேரம். சட்டைக்குள் ஐஸ் வைத்தாலும் ஆறாத புழுக்கம். அண்ணாச்சிக்கு ரெண்டு போன், ஒரு காதில் லாரிக்காரன், இன்னொரு காதில் மில்லுக்காரர். தவசிமுத்து என்பது அவர் பெயர், வாசல் போர்டில் மட்டும் இருக்கும், மற்றபடி ஊருக்கே அண்ணாச்சி. அவள் நாற்காலியைத் திருப்பி, பதினாலு வருஷமாகக் கேட்கிறபடியே கேட்டாள்: "அண்ணாச்சி, மில்லுச் சாமான எதுல வைக்க?" அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, ஒன்றைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவள் பக்கமாகக் கையை நீட்டி, "ரெகுலேட்டர" என்றார். அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு டிரெய்லர் லாரி ஹாரன் அடித்தது. துறைமுகம் போகிற லாரி, செத்தவனும் எழுந்து ஓரம் போவான், அப்படி ஒரு ஹாரன். அது ஓய்ந்தபோது மிச்சமாக வந்து விழுந்தது "ல வைம்மா" என்பது. ரெகுலேட்டர்ல வைம்மா. காதால் கேட்டாள். அது மட்டுமா, கொஞ்ச நேரத்தில் போனை வைத்துவிட்டு எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். முதுகுக்குப் பின்னால் அவர் சந்தன சோப்பு வாசனையும் வேர்வை வாசனையும் வந்தது. திரையில் தொண்ணூறு இருந்தது. பார்த்தார். பார்க்காமல் எதற்கு வந்து நிற்கப்போகிறார்? "சொன்னா யாரு கேக்கா" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். இந்த இடத்தில்தான் சிக்கல். சொன்னதைத்தானே செய்திருக்கிறாள், பிறகு யார் கேட்கவில்லையாம்? ஒருவேளை வேறு யாரையோ. லாரிக்காரனை. ஆமாம், லாரிக்காரனைத்தான். ஆனால் அவர் ரெகுலேட்டர் என்று சொல்வதற்கு முன்னால் தொண்ணூறு என்று அவள் அடித்திருந்தாளா, சொன்ன பின்னால் அடித்தாளா? கேட்பதற்குத் திரும்பியபோது கர்சர் எங்கே மின்னிக்கொண்டிருந்தது? அந்தக் கட்டத்துக்குள்ளா, வெறும் கட்டத்திலா? அங்கே போய் நின்றால் மண்டைக்குள் ஹாரன் அடிக்கிறது, எல்லாம் போய்விடுகிறது. கருவாட்டை வெயிலில் போட்டுவிட்டு வந்தோமா என்று ஒரு நினைப்பு குறுக்கே வருகிறது. போட்டுவிட்டுத்தான் வந்தாள்.

காலையில் அண்ணாச்சி கடிதத்தை மேஜைமேல் வைத்து, பேனாவையும் அதன்மேல் வைத்தார். "இங்க பாரும்மா, கம்பெனிக்குத் தெரியாமப் போச்சு, புள்ள தெரியாத்தனமா வச்சிட்டான்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான். லைசென்சு நின்னுச்சுன்னா நாம பன்னெண்டு பேரும் நடுத்தெருவுல. ஒன் கார்டு போனா ஆறு மாசத்துல நான் திருப்பி வாங்கித் தாரேன்." அமலி "நீங்கதான அண்ணாச்சி சொன்னீக, ரெகுலேட்டர்ல வைன்னு?" என்று கேட்டே விட்டாள். "நானா? நான் எப்பம்மா சொன்னேன்?" அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். கொஞ்சம்கூடக் கள்ளம் தெரியாத முகம், கோயில் பிரசாதம் வாங்கப் போகிறவரின் முகம். மனுஷன் இப்படியும் நடிப்பாரா? பொம்பளைப் பிள்ளை துறைமுக வாசலுக்குப் போவதா என்று எல்லாரும் மூக்கில் விரலை வைத்தபோது, போகட்டுமே, அவ புத்தி யாருக்கு வரும் என்று சொன்ன மனுஷன். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பொண்டாட்டியிடம் ரசம் சோறு கொடுத்தனுப்பிய மனுஷன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், உப்பே விளைகிற ஊரில் அந்த வார்த்தைக்குக் கனம் கூடத்தான். அதற்காக? பழி ஓரிடம், பாவம் ஓரிடமா? கடிதத்தில் ரெண்டு பொய் இருந்தது. எண்ணிப் பார்த்தாள். கம்பெனிக்குத் தெரியாமல் என்பது பொய். அண்ணாச்சி சொல்லித்தானே வைத்தாள். தெரியாத்தனமாக என்பது, அது பொய்யா? அவர் சொல்லி அவள் வைத்தாள் என்றால் அவளுக்கு என்ன தெரியும், ஒன்றும் தெரியாது, அப்படியானால் அது உண்மை. இல்லை, அவளுக்கும் தெரிந்துதான். என்ன தெரியும்? அது ரெகுலேட்டர் என்று தெரியுமா, அண்ணாச்சி சொன்னார் என்று தெரியுமா? தெரியாத்தனமாக என்பதற்கு இங்கிலீஷில் போட்டிருந்த சொல் நீளமாக இருந்தது. இனட்வர்டன்ட்லி. சுங்கத்துக்கு எழுதுகிற எல்லாக் கடிதத்திலும் அது இருக்கும், பெயர் தப்பானாலும் தேதி தப்பானாலும் இனட்வர்டன்ட்லிதான். அவளே எத்தனை தடவை டைப் அடித்திருக்கிறாள், வாய்விட்டுச் சொன்னால் இன்றைக்கும் நடுவில் தடுக்கும்.

வீட்டுக்காரன் டெரன்ஸிடம் சொன்னால் சிரிப்பான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்கு எல்லாம் மேலேயிருந்து பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும். "ஏ அமலி, நீ மூச்சு விடுததுக்கும் அண்ணாச்சிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோ, எந்த மூக்குல விடன்னு" என்பான். கிண்டல்தான், ஆனால் கிண்டலில் உப்பு போடாமல் அவனுக்குப் பேச வராது. கேட்கிறாள், அதில் என்ன தப்பு? கேட்டுச் செய்தால் கெட்டுப் போகாது. கார்டுக்குப் பரீட்சை எழுதியவள் அவள். முதல் தடவை போய்விட்டது, ரெண்டாம் தடவை தேறினாள். மகளை மடியில் போட்டுக்கொண்டு அத்தியாயக் குறிப்புகளை மனப்பாடம் செய்தாள், தாலாட்டு மாதிரியே பிள்ளை தூங்கிவிடும். பரீட்சையில் பிளாஸ்டிக் பூ எதில் வரும் என்று கேட்டிருந்தான். பூ என்று ஆறில் எழுதியவர்கள் எத்தனையோ பேர், பிளாஸ்டிக் என்று முப்பத்தொன்பதில் எழுதியவர்கள் அதைவிட அதிகம், அவள் செயற்கைப் பூவுக்கென்றே இருக்கிற அறுபத்தேழு என்று எழுதினாள். அந்த ஒரு கேள்விக்குத் தேறியதாகவே இன்றும் நினைப்பு. ஆனாலும் ஆபீசில் எண்ணை அடித்துவிட்டு, அடித்த பிறகு, எதுல வைக்க அண்ணாச்சி என்று கேட்பாள். முதலில் அடித்துவிடுவாள், அழிப்பது சுலபம் என்று. அவர் வேறு எண் சொல்லி அழித்தது பதினாலு வருஷத்தில் மூன்று தடவையோ நாலு தடவையோ. அதில் ஒன்றில் அவள் போட்டதுதான் சரி என்று பிறகு தெரிந்தது, அதை அவள் வெளியே சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது. கார்டு போனால் என்ன ஆவாள்? ஆறு மாசம் என்கிறார். போன கார்டு திரும்பி வந்ததாக இந்தத் தொழிலில் யாருக்காவது நடந்திருக்கிறதா? மறுபடி பழைய கவர் ஒட்டுகிற வேலை, ஸ்டாம்பு அடிக்கிற வேலை, துறைமுக வாசலில் கார்டு இல்லாமல் நின்றால் காவல்காரன் "யாரு நீ" என்பான். யாரு நான். ஃபேனின் வேகம் கூடியது, குறைந்தது. அந்தக் குறிப்பு ஞாபகம் வந்தது, தொண்ணூறாம் அத்தியாயத்தின் கடைசிக் குறிப்பு. விரும்பிய அளவுக்குக் கொண்டுவந்து, என்ன தொந்தரவு வந்தாலும் அங்கேயே நிறுத்தி, உண்மையான அளவை ஓயாமல் அளந்துகொண்டிருக்க வேண்டும். ஓயாமல் அளக்க வேண்டும், அதுதான் விஷயம். அளக்காவிட்டால் ரெகுலேட்டர் இல்லை. சுவரில் இருக்கிறதே ஃபேனுக்கு, கையால் திருகுகிற குமிழ், ஊரெல்லாம் ரெகுலேட்டர் என்கிறது, அது எங்கே அளக்கிறது? அது சும்மா யாராவது வந்து திருகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறது. இதை எப்போது யோசித்தாள்? இப்போதுதானா? முன்பே யோசித்த மாதிரி இருக்கிறதே. எப்போது?

"அமலியம்மா, கூப்பிடுதாரு, போங்க" என்றார் அறை வாசலில் நின்ற சுங்க ஹவில்தார் பிச்சையா. பெஞ்சு ஆணி கடைசியில் சேலையைப் பிடித்துவிட்டது, இழுத்தாள், ஒரு நூல் போயிற்று.

அப்ரைசர் செங்கோட்டுவேலு நாமக்கல் பக்கத்துக்காரர், இந்த ஊர்ப் புழுக்கம் அவருக்கு இன்னும் பழகவில்லை. ஏசி ரிப்பேர் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. கோப்பை விசிறியாக்கி வீசிக்கொண்டே, "உக்காருங்கம்மா. லெட்டர் கொண்டாந்திருக்கீங்கன்னு உங்க அண்ணாச்சி போன்ல சொன்னாருங்க" என்றார். அமலி கடிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தாள். மடிப்பில் அந்த நீளச் சொல் ரெண்டாக ஒடிந்திருந்தது. பேனாவின் மூடியைத் திறந்தாள். போட்டுவிடலாம். போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். மூன்று வாரமாக உறங்கவில்லை. அப்ரைசர் அவள் தலைக்கு மேலாக யாரிடமோ சொன்னார்: "பிச்சையா, அந்த ரெகுலேட்டர அஞ்சுல வைங்க."

செருப்புச் சத்தம் வந்தது. அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார். வேர்வை வாசனை. பிறகு சுவரிலிருந்து கட், கட், கட் என்று ஒரு சத்தம், மேலே ஃபேன் வேகமெடுத்தது, காற்று உச்சியில் இறங்கியது, கடிதம் படபடத்தது. அமலியின் கை அப்படியே நின்றது. ரெகுலேட்டர அஞ்சுல வைம்மா. அஞ்சு. ஹாரன் தின்றது அந்த அஞ்சைத்தான். ஆபீசில் ஃபேன் ரெகுலேட்டர் எங்கே இருக்கிறது? அவள் நாற்காலிக்குப் பின்னால், சுவரில், காலண்டருக்குக் கீழே. அவர் திரையைப் பார்க்க வரவில்லை. போனை வைத்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்து, தானே எழுந்து வந்து குமிழைத் திருகிவிட்டுப் போயிருக்கிறார். சொன்னா யாரு கேக்கா. ஐயோ. ஐயோ மாதாவே. லாரிக்காரன் இல்லை, இவளைத்தான் சொல்லியிருக்கிறார். அவள் கேட்டது அவர் காதில் விழவேயில்லை, ரெண்டு காதிலும் போன், எப்படி விழும்? நானா, நான் எப்பம்மா சொன்னேன் என்றாரே, அந்த முகம் நடிக்கவில்லை. மூன்று வாரமாக அந்த மனுஷனை மனசுக்குள் என்னவெல்லாம் திட்டினாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும், ரெண்டையும் சேர்த்து விழுங்கினாள். அப்படியானால் கம்பெனிக்குத் தெரியாது. அது பொய் இல்லை. யாருமே சொல்லவில்லை. யாருமே சொல்லாமல், பின்னே தொண்ணூறு அங்கே எப்படி வந்தது? ஹாரன் இப்போது அடிக்கவில்லை. ஃபேன் மட்டும் சுற்றியது. கேட்பதற்காக நாற்காலியைத் திருப்புகிறாள், திருப்புமுன் திரையை ஒரு முறை பார்க்கிறாள், கட்டத்துக்குள் எண் முழுசாக இருக்கிறது, கர்சர் அதற்குப் பின்னால் நின்று மின்னுகிறது. அடித்துவிட்டுத்தான் திரும்பினாள். அதற்கும் முன்னால், கரண்டு இல்லாத அந்த ஒன்றரை மணி நேரத்தில், ஜன்னல் ஓரமாகக் கேட்டலாக்கை வைத்துக்கொண்டு, உள்ளே மாற்றுவதெல்லாம் எதற்கு, கடைசியில் நிறுத்துவதற்குத்தானே, அது ஓயாமல் அளக்கிறதா, அளக்கிறது என்று ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் கோடு போட்டது அவள்தான். கையால் திருகுகிற குமிழைப் பற்றி அப்போதுதான் யோசித்தாள், பின்னால் சுவரைத் திரும்பிக்கூடப் பார்த்தாள்.

"போடுங்கம்மா" என்றார் அப்ரைசர், கோபம் இல்லாமல்.

அமலி அந்த நீளச் சொல்லின்மேல் ஒரு கோடு இழுத்தாள். ஒரே கோடு. பக்கத்தில் சின்னதாகத் தன் பெயரின் முதலெழுத்தை வைத்தாள், கீழே முழுக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினாள். அவர் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"என்னங்க இது, 'தெரியாத்தனமா'ங்கறத அடிச்சிட்டீங்க?"

"மத்ததெல்லாம் சரிதான் சார். கம்பெனிக்குத் தெரியாது, நான்தான் வச்சேன். ஆனா தெரியாம வைக்கல, யோசிச்சு, காரணத்தோடதான் வச்சேன்."

"அந்த ஒரு வார்த்தை இருந்தா ஆறு மாசத்துல முடிஞ்சுருமுங்க. இல்லைன்னா நான் கமிஷனர் வரைக்கும் எழுதியாகணும். உங்க காரணம் அங்க நிக்கலைன்னா இந்தக் கார்டு உங்களுக்குத் திரும்பி வராது. புரியுதுங்களா?"

"புரியுது சார்."

அவர் அவளையே பார்த்தார். பார்வையில் கொஞ்சம் பாவம் பார்க்கிற மாதிரியும் இருந்தது. "அவசரப்படாதீங்க. வெளிய போய் உங்க அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

கை தானாகவே பைக்குள் போயிற்று. பதினாலு வருஷத்துக் கை, அதற்கு என்ன தெரியும். விரலில் போன் பட்டது. அதன் பக்கத்தில் நாலாக மடித்த கேட்டலாக் தாள்கள், ஓரம் மழுங்கி. அதை எடுத்தாள். பென்சில் கோடுகள் கொஞ்சம் அழிந்திருந்தாலும் படிக்க முடிந்தது. ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்கக் கழுத்திலிருந்த கார்டைக் கழற்றித் தாளின் மேல் பாரமாக வைத்தாள்.

"கேக்க வேண்டாம் சார்" என்றாள். "நான் வச்சது. நானே சொல்லுதேன்."